டிராயர்ல சும்மா கிடக்குற பேட்டரி: சார்ஜ் எங்க போகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ரொம்ப சின்னப் பொருளைப் பத்திப் பேசப் போறோம். டபுள் ஏ பேட்டரி. கடைல 'பென்சில் செல் குடுங்கண்ணே'ன்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்களே, அதேதான். அதுலயும் குறிப்பா சார்ஜ் பண்ணித் திரும்பத் திரும்ப யூஸ் பண்ற வகை.

கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பேட்டரியை ஃபுல்லா சார்ஜ் பண்ணி டிராயர்ல போட்டு வைக்கிறோம். யாரும் தொடல, எதுலயும் மாட்டல. மூணு மாசம் கழிச்சு எடுத்து டார்ச்ல போட்டா எரிய மாட்டேங்குது. அந்த சார்ஜ் எங்க போச்சு?

"பேட்டரி வீணாப்போச்சு"ன்னு தூக்கிப் போடுறவங்கதான் அதிகம். பல நேரம் பேட்டரி நல்லாத்தான் இருக்கும், தானா ஒழுகி காலியாகியிருக்கும், அவ்வளவுதான். இந்த ஒழுகலை எப்படிக் குறைச்சாங்க, அதனால நம்ம வீட்டுக்கு என்ன லாபம், எங்க இதை யூஸ் பண்ணவே கூடாது, இதான் இன்னைக்கு எபிசோட்.

ஏன் தேனி?

சென்னைலயோ பெங்களூருலயோ ஃப்ளாட்ல இருக்குற நமக்கு டார்ச்ங்கறது ஃபோன்ல இருக்குற ஒரு பட்டன். கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும். அதனால "ஒரு பென்சில் செல்லுக்கு முழு எபிசோடா?"ன்னு தோணலாம். எங்க ஊர்ப் பக்கம் கதை வேற.

நான் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. மேற்குப் பக்கம் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் வருது. லோயர் கேம்ப்ல அந்தத் தண்ணியிலேயே கரண்ட் எடுக்குறாங்க. அப்புறம் அது வயலுக்குப் போகுது. பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லு. வழக்கமா ஜூன் மாசத் தொடக்கத்துல முதல் போகத்துக்குத் தண்ணி திறப்பாங்க.

தண்ணி திறந்தா ராத்திரி வேலையும் சேர்ந்து வரும். முறை வச்சு தண்ணி பாய்ச்சுற இடத்துல நம்ம முறை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா, ரெண்டு மணிக்குத்தான் போகணும். மோட்டார் போடணும், மடை மாத்தணும், வரப்புல நடக்கணும். திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம் வச்சிருக்குறவங்களுக்கு காட்டுப்பன்னி காவல் வேற. ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி ஜீப் ஏறி கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியா மலைக்கு மேல போவாங்க. இவங்க எல்லார் கைலயும் இருக்குற ஒரே பாதுகாப்பு டார்ச் லைட்தான். எங்க வீட்ல 'பேட்டரி லைட்'னு சொல்லுவாங்க. உள்ள போடுற செல்லுக்கு பேர் 'கட்டை'.

பாதுகாப்புன்னு நான் சும்மா சொல்லல. 2020-ல வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2000-லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு கணக்கு போட்டுச்சு. சராசரியா வருஷத்துக்கு 58,000 பேர். அதுல பாதி ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் உள்ள மாசங்கள்ல. பெரும்பாலும் கிராமங்கள்ல. நம்ம ஊர்ல தண்ணி திறந்து ராத்திரி வயலுக்குப் போற காலமும் கிட்டத்தட்ட அதேதான். வரப்புல அடுத்த காலை எங்க வைக்கிறோம்னு தெரியறதுக்கு வெளிச்சம் வேணும். அந்த வெளிச்சம் எப்ப வேணுமோ அப்ப இருக்கணும்.

"அப்போ ஃபோன் டார்ச் போதாதா?" மழைல, சேத்துல, ஒரு கைல மம்பட்டியோட? ஃபோன் கீழ விழுந்தா நஷ்டம் எவ்வளவு? அது மட்டும் இல்ல, ஏதாவது ஆச்சுன்னா யாரையாவது கூப்பிடுறதுக்கு அந்த ஃபோன்ல சார்ஜ் இருக்கணும். அதை விளக்கா எரிச்சுத் தீர்க்கக் கூடாது.

சித்தப்பாவோட வாதம்

எங்க சித்தப்பா ஒருத்தர் கூடலூர் பக்கம் விவசாயம் பண்றார். சார்ஜ் பேட்டரி பத்தி அவர்கிட்ட பேச்செடுத்தா ஒரே வார்த்தைல முடிச்சிருவார். "கட்டை போட்டா கட்டை இருக்குற வரைக்கும் எரியும்ப்பா. ஒங்க சார்ஜ் கட்டை எப்ப கைய விடும்னே தெரியாது."

கொஞ்சம் யோசிச்சா இது பழைய ஆள் பிடிவாதம் இல்ல. 2000-கள்ல வந்த சார்ஜ் பேட்டரிகளைப் பத்தி இதை விடச் சரியா யாரும் விமர்சனம் பண்ணல. அன்னைக்கு இருந்த சாதாரண நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல், சுருக்கமா நிம்ஹெச்னு சொல்றது, சும்மா வச்சாலே மாசத்துக்கு 20-லேர்ந்து 30 சதவீதம் இழந்துரும். 2012-ல நான் பத்தாவது படிக்கும்போது சென்னைக்கு வெளிய பல ஊர்கள்ல ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு, இல்லாதப்போ யூஸ் பண்ணணும்ங்கற பொருளே தானா ஒழுகுனா யார் நம்புவாங்க?

நம்மள்ல நிறைய பேர் ஐடில ஆன்-கால் டியூட்டி பார்த்திருப்போம். ஒரு சர்வர் எவ்வளவு வேகமா ஓடும்ங்கறது ஒரு விஷயம். ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டா எந்திரிக்குமாங்கறது வேற விஷயம். சித்தப்பா கேக்குறது ரெண்டாவதை. பேட்டரிக் கம்பெனிகள் ரொம்ப நாள் விளம்பரம் பண்ணது முதலாவதை.

ஒரு பழைய கதை

சார்ஜ் பண்ற சின்ன பேட்டரியோட வரலாறு 1899-ல தொடங்குது. ஸ்வீடன்ல வால்டெமார் யுங்னர்ங்கறவர் நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்குனார். நல்ல பேட்டரிதான், ஆனா காட்மியம் விஷம். அதுக்கு மாத்துத் தேடும்போது கிடைச்ச வழி, ஹைட்ரஜனை ஒரு உலோகக் கலவைக்குள்ள உறிஞ்சி வைக்கிறது. ஸ்பாஞ்ச் தண்ணியை உறிஞ்சுற மாதிரி சில உலோகக் கலவைகள் ஹைட்ரஜனை உறிஞ்சும். லாந்தனமும் நிக்கலும் சேர்ந்த கலவை இதுல கெட்டிக்காரன்னு 1960-கள் கடைசில நெதர்லாந்துல பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல கண்டுபிடிச்சாங்க.

இதை விக்கக்கூடிய பேட்டரியா மாத்துனதுல பெரிய பங்கு ஸ்டான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கிங்கற அமெரிக்கருக்கு உண்டு. ஆள் காலேஜ் பக்கமே போகாதவர். லேத் பட்டறைல தொழில் பழகி, தானா படிச்சு, ஆராய்ச்சிக் கம்பெனி நடத்துனவர். 1980-கள்ல அவரோட கம்பெனி நிம்ஹெச் பேட்டரிக்கு பேடன்ட் வாங்குச்சு. 1990 வாக்குல கடைகளுக்கு வந்துருச்சு. டொயோட்டா ப்ரியஸ் கார் ஓடுனதும் இந்த வகை பேட்டரிலதான்.

இதுல நம்ம மண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அந்த லாந்தனம், சீரியம் மாதிரி அரிய மண் உலோகங்கள் இருக்குற மோனசைட் தாது, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கு. அங்க மணலைப் பிரிச்சு எடுக்குற ஆலையே நூறு வருஷத்துக்கும் மேல பழசு. பென்சில் செல்லுக்குள்ள இருக்குற அந்த ஸ்பாஞ்ச், நம்ம கடல் மணல்ல கிடக்குற தனிமத்தோட உறவுக்காரன்.

சார்ஜ் எப்படி ஒழுகுது?

இப்ப உள்ள போவோம். பேட்டரின்னா ரெண்டு பக்கம். ஒரு பக்கம் நிக்கல், இன்னொரு பக்கம் ஹைட்ரஜனை உறிஞ்சி வச்சிருக்குற கலவை. நடுவுல மெல்லிசா துணி மாதிரி ஒரு தடுப்பு. அது முழுக்க காரக் கரைசல்ல நனைஞ்சிருக்கும். எலக்ட்ரான் வெளிய வயர் வழியாத்தான் போகணும், உள்ளுக்குள்ள குறுக்கு வழில போகக் கூடாது. ஒழுகல்னா அந்தக் குறுக்கு வழிதான். முக்கியமா மூணு வழி இருக்கு.

முதல் வழி இயற்கையானது. சார்ஜ் ஆன நிக்கல் பக்கம் அவ்வளவு நிதானமா உக்காந்திருக்காது. தண்ணியோட மெதுவா வினை புரிஞ்சு ஆக்ஸிஜனை விட்டுக்கிட்டே தன் சார்ஜை இழக்கும். அந்தப் பக்கத்து ஹைட்ரஜனும் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் வந்து சேரும்.

ரெண்டாவது வழி ஒரு ஷட்டில் சர்வீஸ். பழைய பேட்டரிகள்ல அந்தத் தடுப்புத் துணி நைலான் வகை. காரக் கரைசல்ல அது நாளாக நாளாக சிதைஞ்சு நைட்ரஜன் சேர்மங்களை விடும். அந்தச் சேர்மம் ஒரு பக்கம் போய் எலக்ட்ரானை வாங்கும், மறுபக்கம் போய் இறக்கி வைக்கும், திரும்ப வரும். கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவுல ட்ரிப் அடிக்கிற ஜீப் மாதிரி. ஒவ்வொரு ட்ரிப்லயும் கொஞ்சம் சார்ஜ் காலி. நீங்க பேட்டரியைத் தொடவே வேண்டாம், ட்ரிப் நடந்துக்கிட்டே இருக்கும்.

மூணாவது வழி: கலவைல சேர்த்திருக்குற மாங்கனீசு, கோபால்ட் மாதிரி உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு அந்தத் தடுப்புத் துணிக்குள்ள போய்ப் படியும். படிஞ்சா அது மின்சாரம் கடத்துற பாலம் ஆயிரும். வரப்புல நண்டு வளை விழுந்த மாதிரி. மேல பார்த்தா தெரியாது, தண்ணி அடுத்த வயலுக்குப் போயிக்கிட்டே இருக்கும்.

2005-ல என்ன மாறுச்சு?

2005 நவம்பர்ல ஜப்பான்ல சான்யோ கம்பெனி 'எனலூப்'னு ஒரு பேட்டரியை வெளியிட்டுச்சு. எனர்ஜி, லூப், ரெண்டையும் சேர்த்து வச்ச பேரு. அவங்க புதுசா எந்த ரசாயனமும் கண்டுபிடிக்கல. அதே நிம்ஹெச்தான். ஒழுகுற வழிகளை ஒவ்வொண்ணா அடைச்சாங்க.

நைலான் துணிக்குப் பதிலா, கந்தக அமிலத்தால பக்குவப்படுத்துன பாலிப்ரொப்பிலீன் வகைத் தடுப்பு. ஷட்டில் ஜீப் நின்னுச்சு. மாங்கனீசும் கோபால்ட்டும் இல்லாத புது அடுக்கு அமைப்புக் கலவை. பாலம் கட்டுறதுக்கு ஆள் இல்ல. நிக்கல் பக்கத்தையும் இன்னும் நிதானமா உக்கார வச்சாங்க.

பலன்? ஒரு வருஷம் சும்மா வச்சாலும் 85 சதவீத சார்ஜ் மிச்சம்னு கம்பெனி சொல்லுச்சு. அதனாலதான் ஃபேக்டரிலயே சார்ஜ் பண்ணி, கடைல வாங்கி நேரா போடுற மாதிரி விக்க முடிஞ்சது. அடுத்தடுத்த தலைமுறைல இது இன்னும் கூடிச்சு. 2013-ல வந்த சாதாரண மாடலுக்கு 2,100 தடவை சார்ஜ் பண்ணலாம், பத்து வருஷம் வச்சாலும் 70 சதவீதம் இருக்கும்னு கணக்கு சொன்னாங்க. இதெல்லாம் 20 டிகிரில, கம்பெனியோட சோதனை முறைல வந்த எண்கள். வீட்ல அப்படியே கிடைக்காது. ஆனா மாசத்துக்கு கால்வாசி போற பேட்டரியோட ஒப்பிட்டா இது வேற ஜாதிப் பொருள்.

சான்யோவை பானசோனிக் வாங்குனப்போ, போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளைத் திருப்திப்படுத்த ஜப்பான்ல தகசாகில இருந்த அந்த நிம்ஹெச் தொழிற்சாலை எஃப்டிகேங்கற கம்பெனிக்குக் கை மாறுச்சு. கடைசில அதே இடத்துல செஞ்ச செல்லு ஒண்ணுக்கு மேற்பட்ட பேர்ல சந்தைக்கு வந்துச்சு. இன்னைக்கு பல கம்பெனிகள் இந்தக் 'குறைஞ்ச ஒழுகல்' வகையைத் தயாரிக்கிறாங்க. அதனால பேரை மட்டும் பார்க்காதீங்க, வகையைப் பாருங்க.

பெரிய நம்பர் மயக்கம்

இந்த இடத்துலதான் நாம ஏமாறுறோம். பேட்டரி மேல எம்.ஏ.எச்.னு ஒரு எண் போட்டிருக்கும். மில்லி ஆம்பியர் ஹவர். எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு. எனலூப் வந்தப்போ அதுல போட்டிருந்தது 2,000. பக்கத்துல இருந்த சாதாரண செல்லுல 2,500, 2,700. கடைல நிக்கிற யாரும் 2,700-ஐத்தான் எடுப்பாங்க.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 2,600 எம்.ஏ.எச். சாதாரண செல், மாசம் 25 சதவீதம் ஒழுகுது. ஒரு மாசத்துல 1,950. மூணு மாசத்துல சுமார் 1,100. ஆறு மாசத்துல 460. இன்னொரு பக்கம் 2,000 செல், ஒரு வருஷம் கழிச்சும் 1,700. அதாவது முதல் மாசத்துலயே ரெண்டும் ஏறக்குறைய சமம். அதுக்கப்புறம் சின்ன நம்பர்தான் ஜெயிக்குது.

சார்ஜ் போட்டு அன்னைக்கே காலி பண்றவங்களுக்கு, உதாரணமா கல்யாண வீட்ல ஃப்ளாஷ் அடிக்கிற போட்டோகிராஃபருக்கு, பெரிய நம்பர் சரி. டிராயர்ல வச்சு அவசரத்துக்கு எடுக்குறவங்களுக்கு சின்ன நம்பர் சரி. சித்தப்பாவுக்கு வேண்டியது ரெண்டாவது.

இன்னொண்ணு. 'டபுள் ஏ, 4,800 எம்.ஏ.எச்.'னு போட்டு மலிவா விக்கிற நிம்ஹெச் செல்லைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு நகர்ந்துருங்க. அந்த அளவு டப்பாக்குள்ள இந்த ரசாயனத்துல அவ்வளவு அடைக்க முடியாது. எடை போட்டும் பார்க்கலாம். நல்ல டபுள் ஏ நிம்ஹெச் செல் சுமார் 26-லேர்ந்து 30 கிராம் வரைக்கும் இருக்கும். ரொம்ப லேசா இருந்தா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம்.

காசுக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும், அதனால நான் ஒரு உத்தேச விலை வைக்கிறேன். உங்க கடை விலையைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கு பாருங்க.

ரெண்டு செல் போடுற டார்ச். வாரத்துக்கு ஒரு தடவை மாத்துற அளவுக்கு உபயோகம். வருஷத்துக்கு சுமார் 100 செல். ஒண்ணு 15 ரூபாய்னு வச்சா 1,500 ரூபாய். சார்ஜ் பேட்டரி ஒண்ணு 250 ரூபாய்னு நாலு வாங்குனா 1,000. நல்ல சார்ஜர் ஒரு 1,000. மொத்தம் 2,000. ஒரு வருஷம் நாலு மாசத்துல போட்ட காசு வந்துரும். அதுக்கப்புறம் லாபம்.

கரண்ட் செலவு? ஒரு ஜோடி டபுள் ஏவுக்கு, சார்ஜர்ல வீணாகுறதையும் சேர்த்து, சுமார் 10 வாட்-ஹவர். 100 தடவை சார்ஜ் போட்டாலும் ஒரு யூனிட்தான். நம்ம வீட்டு இணைப்புல ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதுல இது கண்ணுக்கே தெரியாது.

இதே கணக்கை சுவர்க் கடிகாரத்துக்குப் போடுங்க. வருஷத்துக்கு ஒரு செல், 15 ரூபாய். 250 ரூபாய் செல் போட்டா காசு திரும்ப வர 16 வருஷத்துக்கு மேல ஆகும். வேண்டாம். கடிகாரத்துக்கு சாதாரண செல்லே போதும். அடிக்கடி காலியாகுற பொருளுக்குத்தான் சார்ஜ் பேட்டரி: டார்ச், தலைல மாட்டுற லைட், குழந்தைங்க பொம்மை, வயர்லெஸ் மைக், கேம் கன்ட்ரோலர்.

யானையும் பேட்டரியும்

எல்லாத்துக்கும் சார்ஜ் பேட்டரி தீர்வு இல்லங்கறதுக்கு எங்க ஊர்லேர்ந்தே ஒரு உதாரணம். 2023 மே 27 காலைல அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ளயே வந்துருச்சு. வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஊர்ல 144 போட்டாங்க. ஜூன் 5 அதிகாலைல பிடிக்கிற வரைக்கும் சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் போறதுக்கே ஜனங்க பயந்தாங்க.

அந்த யானை கழுத்துல ரேடியோ காலர் இருந்துச்சு. ஏப்ரல் கடைசில கேரள வனத்துறை சின்னக்கானல்ல பிடிச்சப்போ மாட்டுனது. இந்த மாதிரி காலர்கள்ல பொதுவா நிம்ஹெச் போட மாட்டாங்க. ஒரு தடவை மட்டும் யூஸ் பண்ற லித்தியம் செல்தான். ஏன்னா சார்ஜ் போடுறதுக்கு யானையை மறுபடி கூப்பிட முடியாது! அந்த லித்தியம் செல் வருஷத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஒழுகும்.

பாடம் இதுதான். சார்ஜர்கிட்ட திரும்பி வரக்கூடிய பொருளுக்கு சார்ஜ் பேட்டரி. வர முடியாததுக்கு நீண்ட நாள் தாங்குற ஒரு தடவை பேட்டரி. புகை வந்தா அலாரம் அடிக்கிற கருவி, டிஜிட்டல் கதவுப் பூட்டு இதெல்லாம் ரெண்டாவது வகை. அதோட மேனுவல்ல என்ன போடச் சொல்லிருக்காங்களோ அதையே போடுங்க. வீட்ல இருக்குற பிபி மெஷினுக்கும் அதேதான்.

காரணம் வோல்டேஜ். சாதாரண செல் 1.5 வோல்ட்ல தொடங்கி சீராக் குறைஞ்சுக்கிட்டே வரும். நிம்ஹெச் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் 1.2 வோல்ட்டை ஒட்டியே நிக்கும், அப்புறம் சடார்னு விழும். டார்ச்சுக்கு இது நல்லது, வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். ஆனா வோல்டேஜை அளந்து 'பேட்டரி கம்மி'ன்னு சொல்ற கருவிக்கு இது குழப்பம். ஃபுல் சார்ஜ்லயே 'கம்மி'ன்னு காட்டலாம், இல்ல எச்சரிக்கையே கொடுக்காம நின்னு போகலாம்.

வாங்குனதுக்கு அப்புறம்

இப்ப நடைமுறைக்கு வருவோம்.

ஒண்ணு, பாக்கெட்ல 'ப்ரீ-சார்ஜ்ட்', 'ரெடி டு யூஸ்', 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' இதுல ஏதாவது ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இருந்தா குறைஞ்ச ஒழுகல் வகை. 'முதல்ல சார்ஜ் பண்ணவும்'னு மட்டும் போட்டிருந்தா பெரும்பாலும் பழைய வகை.

ரெண்டு, சார்ஜர். பேட்டரில காசு போட்டுட்டு சார்ஜர்ல மிச்சம் பிடிக்காதீங்க. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா கவனிச்சு, நிறைஞ்சதும் தானா நிறுத்துற சார்ஜர் வேணும். நிறைஞ்சதைக் கண்டுபிடிக்காம ராத்திரி முழுக்க அடைச்சுக்கிட்டே இருக்குற மலிவு சார்ஜர் செல்லைச் சூடாக்கும். சூடுதான் இதுக்கு எமன்.

மூணு, வெயில். நான் சொன்ன கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு. ரசாயன வினைக்கு சூடு ஏற ஏற வேகம் கூடும், ஒழுகலும் கூடும். சித்திரை, வைகாசில தகரக் கொட்டகைக்குள்ள, மோட்டார் ரூம்ல, பைக் டிக்கில பேட்டரியை வைக்காதீங்க. வீட்டுக்குள்ள நிழலான, காய்ஞ்ச இடம் போதும்.

நாலு, ஜோடி பிரிக்காதீங்க. ஒரே நாள்ல வாங்குன ரெண்டு செல்லும் ஒண்ணாவே மாட்டி, ஒண்ணாவே சார்ஜ் ஆகணும். பழசும் புதுசும் கலந்தா, பழசு முதல்ல காலியாகும். புதுசு அதுக்குள்ள தலைகீழா கரண்டைத் தள்ளும். அதோட அந்தச் செல் கதை முடிஞ்சிரும். டார்ச் வெளிச்சம் விழுந்ததும் அணைச்சு மாத்திருங்க. முழுக்கக் காலி பண்ணித்தான் சார்ஜ் போடணும்ங்கறது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு.

அஞ்சு, எப்பவும் ரெண்டு செட். ஒண்ணு டார்ச்ல, இன்னொண்ணு சார்ஜ் ஆகி ஒரு சின்ன டப்பால. ஸ்டிக்கர் ஒட்டி தேதி எழுதி வைங்க. சித்தப்பாகிட்ட நான் கடைசில வச்ச ஏற்பாடு இதுதான். "எப்ப கைய விடும்னு தெரியாது"ங்கற பிரச்சனைக்கு பேட்டரி மட்டும் பதில் சொல்லாது, பழக்கமும் சேர்ந்துதான் பதில் சொல்லும். அவர் இன்னும் முழுசா நம்பல. ஒரு ஜோடி புது கட்டையை மூணாவதா அதே டப்பால போட்டு வச்சிருக்கார். அதுல தப்பே இல்ல. எங்க வேலைல அதுக்குப் பேரு பேக்கப். அல்கலைன் செல்லா இருந்தா பிரிக்காத பாக்கெட்ல வருஷக்கணக்கா தாங்கும். என்ன, டார்ச்சுக்குள்ளயே மாசக்கணக்குல மறந்து விட்டீங்கன்னா அது கசிஞ்சு ஸ்ப்ரிங்கை அரிச்சிரும். வெளியவே இருக்கட்டும்.

கடைசியா ஒரு விஷயம்

எத்தனை தடவை சார்ஜ் பண்ணாலும் ஒரு நாள் இதுவும் தீரும். தீர்ந்த கட்டையை என்ன பண்றோம்? நம்ம ஊர்ல வரப்போரம் வீசுறோம், குப்பையோட எரிக்கிறோம். எரிக்கவே கூடாது. 2022-ல மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கொண்டு வந்துச்சு. சின்ன பேட்டரியும் அதுல அடக்கம். தயாரிச்சு விக்கிற கம்பெனிக்குத்தான் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சி பண்ற பொறுப்பு. நம்ம பங்கு, வீட்டுக் குப்பையோட கலக்காம தனியாப் பிரிச்சுக் கொடுக்குறது. பேட்டரி மேல குப்பைத்தொட்டி படம் போட்டு அதுல குறுக்க கோடு அடிச்சிருக்கே, அதோட அர்த்தம் அதான்.

நகரத்துல சேகரிக்கிற பெட்டி எங்கயாவது கண்ணுல படும். பள்ளத்தாக்குல இருக்குற ஒரு கிராமத்துல தேடித்தான் பார்க்கணும். அதனால நான் சொல்ற யோசனை: ஊர்ல ஒரு பிளாஸ்டிக் டப்பா வச்சு தீர்ந்த செல்லைச் சேர்க்கச் சொல்லுங்க. லீவுக்குப் போகும்போது எடுத்துட்டு வந்து நகரத்துல கொடுங்க. வருஷத்துக்கு 100 கட்டை தூக்கிப் போட்ட வீட்ல, சில வருஷத்துக்கு ஒரு தடவை நாலே நாலு செல் தீர்ந்தா, அந்த டப்பா நிறையறதுக்கு ரொம்ப நாளாகும்.

ஊருக்குப் போகும்போது நாம ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போறோம். அடுத்த தடவை அதோட சேர்த்து நாலு செல், ஒரு சார்ஜர். வாங்கிக் கொடுத்துட்டு மட்டும் வந்துராதீங்க. பக்கத்துல உக்காந்து ஒரு தடவை சார்ஜ் போட்டு, மாட்டி, தேதி எழுதிக் காட்டிட்டு வாங்க. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறது அவங்கதான். நம்பிக்கை அவங்களுக்குத்தான் வரணும்.

உங்க ஊர்ல டார்ச்சுக்கு என்ன பேரு, உள்ள போடுற செல்லுக்கு என்ன பேரு, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லா இருக்குறதை அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம். பார்ப்போம் மக்களே, பத்திரமா இருங்க.